டாக்டர் வீட்டின் கடற்பக்கச் சுவர்

டாக்டர் வீட்டைக் கட்டியவர், கடலிலிருந்து பார்த்தால் அது யார் கண்ணிலும் படக் கூடாது என்று சொல்லித்தான் கட்டினாராம். கொழும்பில் பேர் பெற்ற கட்டடக் கலைஞர் அவர். அறுபதுகளில், கல்குடாவுக்கு வடக்கே பனையும் தாழையும் தவிர வேறொன்றும் இல்லாத கரையில், கொழும்பு டாக்டர் ஒருவரின் விடுமுறைக்காகக் கட்டிக் கொடுத்தார். முற்றத்தை நடுவில் விட்டு, முதிரை மரத் தூண்கள் நிறுத்தி, கடற்பக்கம் மேல்மாடியில் ஒரு ஜன்னல்கூட வைக்காமல் உயரமாக ஒரு மொட்டைச் சுவரை எழுப்பினார். அதற்குக் கடல் மணலின் நிறத்தையே பூசிவிட்டுப் போனார். "கடலுக்குப் பக்கத்தில வீட்டைக் கட்டிப்போட்டுக் கடலுக்கே முதுகைக் காட்டுறான் மனுசன்" என்று ஊரார் சிரித்தார்கள். சிரித்தவர்களின் கூரைகளை எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கொண்டு போனது. மொட்டைச் சுவர் நின்றது.

சூறாவளிக்குப் பிறகு திருத்த வேலை நடந்தபோது பூசுவதற்கு அகப்பட்டது சுண்ணாம்பு மட்டுந்தான். சுவர் வெள்ளையானது. டாக்டருக்கு அது பிடித்துப்போனதோ, திரும்ப மாற்றச் சோம்பல்பட்டாரோ, அப்படியே விட்டுவிட்டார். அன்று முதல் வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் அந்தச் சுவருக்கு வெள்ளை அடிப்பது வழக்கமானது. இருபது வருஷமாக அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுப்பவள் இரத்தினம்மா.

இரத்தினம்மாவுக்கும் ஒரு காலத்தில் சொந்த வீடு இருந்தது. தாய் கொடுத்த சீதன வீடு, கரையிலிருந்து கூப்பிடு தூரம். சுனாமி வந்த காலையில் அவள் டாக்டர் வீட்டின் மேல்மாடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை தனுஷா பக்கத்தில் பாயில் கிடந்தாள். தண்ணீர் வடிந்து அவள் கீழே இறங்கியபோது வீடும் இல்லை, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த புருஷனும் இல்லை. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு எப்படி வெள்ளை கட்டுவது? செத்த வீடென்றால் கூரைக்குக் கீழும் வாசலிலும் வெள்ளைத் துணி கட்டுவது ஊர் முறை. இரத்தினம்மா கட்டவில்லை, கட்ட வந்தவர்களையும் விடவில்லை. டாக்டர் வீட்டின் பின்னறையில் பிள்ளையோடு ஒதுங்கியவள், அந்த வீட்டைக் கூட்டி மெழுகித் துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். டாக்டர் செத்தார், டாக்டரின் மகன் செத்தார். வீடு இப்போது மெல்போர்னில் இருக்கும் பேத்தியின் பேரில் கிடக்கிறது. வாசல் கேற்றில் இரண்டு வருஷமாக 'விற்பனைக்கு' என்ற பலகை தொங்குகிறது.

பலகையைப் பார்த்து இரத்தினம்மா அழுதிருப்பாள் என்று நினைக்க வேண்டாம். வீடு எப்போது விற்கும் என்று அவள் நேர்த்தி வைத்துக்கொண்டு இருந்தாள். காரணம் தனுஷா.

தனுஷாவுக்கு மாப்பிள்ளை வெளியே தேட வேண்டியதில்லை. இரத்தினம்மாவின் அண்ணன் அழகரத்தினத்தின் மகன் நிதுர்ஷன் இருக்கிறான். முறை மச்சான். தகப்பனோடு கடலுக்குப் போகிறான், குடிப்பதில்லை, தனுஷாவைக் கண்டால் வாய் பேசாமல் நிலத்தைப் பார்க்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்? வீடு வேண்டும். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவருவான். வந்திறங்க ஒரு கூரை இல்லாவிட்டால் தாலி கட்டும் பேச்சே இல்லை. அண்ணன் பெண்சாதி, அதாவது இரத்தினம்மாவின் மச்சாள், இதை நெஞ்சில் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"எண்ட புள்ள வேலைக்காரர்ர அறையிலயா வந்து கிடக்கிற? நான் குறை சொல்லல்லகா. வீட்டைக் காட்டு, நாளைக்கே நாள் வைப்பம்."

டாக்டரின் பேத்தி மனசு இரங்கித் தொலைபேசியில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். வீடு விலைபோனால் பின்வளவில் ஒரு துண்டுக் காணியை இரத்தினம்மாவின் பேருக்கு எழுதி, சின்னதாக ஒரு வீடும் கட்டித் தருவது. ஆக, டாக்டர் வீடு விற்றால் தனுஷாவுக்குக் கல்யாணம். விற்காவிட்டால் இல்லை. இரத்தினம்மாவின் உலகம் அந்த ஐப்பசி மாதத்தில் இந்த ஒற்றைக் கயிற்றில்தான் தொங்கியது.

வாங்க ஆள் வந்தது. புரோக்கர் உதயரூபன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து சொன்னான்.

"அக்கா, கொழும்புப் புருசன் பெண்சாதி. இந்தக் கலைஞர் கட்டின வீடெண்டா உசிரையே விடுவாங்க. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வாறாங்க. பார்த்துப் பிடிச்சா அண்டைக்கே முற்பணம். ஒண்டு மட்டும். கடற்பக்கச் சுவர் ஆதியில இருந்த நிறத்தில இரிக்கணும். பழைய படத்தைப் பார்த்துப்போட்டு 'வெள்ளை அவர்ர வேலை இல்ல' எண்டு மூஞ்சையைச் சுளிக்கிறாங்க."

"பூசினாப் போச்சு" என்றாள் இரத்தினம்மா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை வரை மழை. வெள்ளி விடிந்ததும் உதயரூபன் அனுப்பிய ஆட்கள் ஏணியோடும் வாளிகளோடும் வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே சுவர் மணல் நிறமாகிவிட்டது. ஏணியைச் சாத்தியபடி விட்டு, "பின்னேரம் வந்து எடுக்கிறம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரத்தினம்மா கரைக்கு இறங்கி நின்று பார்த்தாள். மணலும் சுவரும் ஒன்றாகத் தெரிந்தன. கெட்டிக்காரன்தான் அந்தக் கலைஞன் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே போய்க் கட்டில்களுக்கெல்லாம் சலவை செய்த வெள்ளை விரிப்புகளை விரித்து, முற்றத்தில் ஓர் இலைகூட இல்லாமல் கூட்டி, தனுஷாவைத் தலை வாரிப் பொட்டு வைக்கச் சொன்னாள்.

வானம் கறுத்தது அதற்குப் பிறகுதான்.

ஐப்பசி மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. தெற்கே ஒரு முழக்கம், அடுத்தது தலைக்கு மேலே. காற்று திரும்பிக் கடலிலிருந்து அடித்தது. தென்னோலைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கடல் சாம்பல் நிறமாகி, வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்துபோனது. அழகரத்தினமும் நிதுர்ஷனும் விடியுமுன் போனவர்கள், இன்னும் திரும்பவில்லை. இரத்தினம்மா அதற்கும் பெரிதாகப் பயப்படவில்லை. அண்ணன் இந்தக் கடலில் பிறந்து வளர்ந்தவன். அவள் பயமெல்லாம், மழையில் காயாத பூச்சுக் கழுவுண்டு போய்விடுமோ, கொழும்பார் காரை விட்டு இறங்க மாட்டார்களோ என்பதுதான்.

அப்போதுதான் முகைதீன்பாவா ஓடி வந்தார். ஓட்டமாவடி மீன் வியாபாரி; அண்ணன் என்ற பொருளில் ஊருக்கே 'காக்கா'. பின்னேரத்தில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வந்து, கரையில் நின்று படகு வர வர மீன் எடுப்பவர். இளமையில் வாழைச்சேனையிலிருந்து கடலுக்குப் போனவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க முற்றத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, வெள்ளைச் சுவரு எங்க?"

"பூசியாச்சே காக்கா. வீடு பார்க்க ஆக்கள் வாறாங்க."

"யா அல்லாஹ்! எப்ப பூசின?"

"இண்டைக்குக் காலைல."

முகைதீன்பாவா தலையில் கைவைத்தார். "அவனுகள் போகக்குள்ள இருட்டு. சுவரு வெள்ளையா நிற்கிது எண்டுதானே நினைச்சிற்று இரிப்பானுகள். இந்த மழையில வெள்ளைதான் புள்ள முதல்ல தெரியும். வெள்ளையக் கண்டு, அதுக்கு நேரா படகு மூக்கைப் பிடிச்சிற்று வந்தாத்தான் கடலுக்குள்ள கிடக்கிற கல்லுக்கு நடுவுல உள்ள வழி. அதத் தவறினா ரெண்டு பக்கமும் கல்லு."



ஆண்கள் வீட்டைக் குறி வைத்துத்தான் கரை பிடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாததல்ல. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். வீட்டை யாரும் தூக்கிக்கொண்டா போனார்கள், நிறம் மாறினால் என்ன என்பதுதான் அவள் நினைப்பு. அந்தக் கரையில் பெண்கள் தோணியில் கால் வைப்பதில்லை. வைத்தால் மீன் படாது என்பார்கள். அதனால் இருபது வருஷமாக அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்தவள், கடலிலிருந்து அது எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காத குற்றத்துக்கு இப்போது யார் தண்டம் கட்டுவது? அண்ணனும் அண்ணன் மகனும்.

தனுஷா நிதுர்ஷனின் தொலைபேசிக்கு அடித்துப் பார்த்தாள். பையில் சுற்றி வைத்திருப்பான், எடுபடவில்லை. மழை கொட்டத் தொடங்கியது.

"சுண்ணாம்பு இரிக்கா?" என்று முகைதீன்பாவா கேட்டார்.

"இந்த மழையில நிற்குமா காக்கா?"

கேட்டுக்கொண்டே இரத்தினம்மா அறைக்குள் ஓடினாள். கட்டிலில் அவள் கையால் விரித்த வெள்ளை விரிப்பை ஒரே இழுவையில் உருவினாள். அடுத்த கட்டில். அடுத்த அறை. தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவளைக் கண்டதும் தனுஷாவுக்கு விளங்கிவிட்டது. ஓடிவந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, வேணாம்! மச்சான் கடலில நிற்கக்குள்ள வெள்ளை கட்டுறதா? செத்த வீட்டுக்குக் கட்டுற மாதிரி! வேணாம் அம்மா!"

இரத்தினம்மாவின் கை அந்த இடத்திலேயே நின்றது. புருஷனுக்கே கட்ட விடாதவள் அவள். வெள்ளை கட்டினால் அவன் செத்தது உறுதியாகிவிடும் என்று பயந்து, ஊரோடு மல்லுக்கட்டியவள். இப்போது உயிரோடு இருக்கிறவனுக்கு, மகளுக்கு மாலையிட வேண்டியவனுக்குத் தன் கையாலேயே கட்டுவதா? அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏணியில் கால் வைத்தாள்.

"விடு புள்ள. செத்தவனுக்குக் கட்டினாத்தான் துடக்கும் தீட்டும். ஏணியப் பிடி."

கூரை விளிம்பில் கைமரங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. முகைதீன்பாவா கீழிருந்து கயிறு எறிய, அவள் மேலே முடிந்தாள். காற்று விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஒன்று போயே விட்டது. தாழம் பற்றையில் போய்ச் சிக்கியது. இரண்டாவதை அவள் பல்லால் கடித்துக்கொண்டு கட்டினாள். கட்டியதும் காற்றே அதைச் சுவரோடு சுவராக அழுத்திப் பிடித்தது. ஈரப் பூச்சில் துணி ஒட்டிக்கொண்டது. அடுத்தது. அடுத்தது. வெள்ளைத் துணி தீர்ந்தபோது தனுஷா உள்ளே போய், பெட்டியில் மடித்து வைத்திருந்த தன் வெள்ளைப் பள்ளிக்கூடச் சீருடைகளையும் கொண்டுவந்து நீட்டினாள். அழுகை அடங்கியிருந்தது.

சுவரில் பாதிக்கு மேல் வெள்ளையாகிவிட்டது. கடலில் ஒன்றும் தெரியவில்லை.

இரத்தினம்மா ஏணியிலிருந்து இறங்கும்போது தொலைபேசி அடித்தது. உதயரூபன்.

"அக்கா, கரைப் பாதையால வந்து கேற்றடியில நிற்கிறம். இதென்ன வெள்ளை? ஆரு மோசம் போனது?"

"ஆரும் இல்ல. போட் வரல்ல தம்பி. அதுக்குத்தான்."

"என்ன போட்? ஐயாவும் அம்மாவும் காருக்குள்ள இரிக்காங்க. அந்த அம்மா பார்த்திட்டா. செத்த வீட்டுக்குள்ள நல்ல காரியத்துக்கு வரமாட்டம் எண்டு சொல்றா. உடன அத இறக்குங்க. அஞ்சு நிமிசம் நிப்பாட்டி வைக்கிறன். உள்ள வந்து பார்த்திட்டுப் போன பிறகு என்னத்தையும் கட்டுங்க."

இரத்தினம்மா சுவரைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். மழைத் திரைக்கு அப்பால் அண்ணன் எந்தப் பக்கம் நிற்கிறான், எதைத் தேடுகிறான் என்று தெரியவில்லை. இந்த ஐந்து நிமிஷத்தில்தான் அவன் கல்லுக்கு முன்னால் வந்து கரையைப் பார்க்கிறானோ என்னவோ. வீட்டை விற்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக அவள் கும்பிடாத கோயில் இல்லை. கும்பிட்ட சாமி இன்றைக்கு வாசலில் காரோடு வந்து நிற்கிறது.

"இறக்க மாட்டன்" என்றாள்.

"அக்கா, காணித் துண்டை மறந்திருங்க பிறகு."

"மறந்திட்டன் தம்பி. வை."

கார் திரும்பிப் போகும் சத்தம் மழையில் கேட்கவில்லை. அதற்குள் ஊர் வந்துவிட்டது. வெள்ளையைக் கண்டு குடை பிடித்துக்கொண்டு வந்தவர்கள், "ஆருகா? ஆருகா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். மச்சாளும் வந்தாள், குடையில்லாமல், தலைவிரிகோலமாக. சுவரை ஒரு தரம் பார்த்தாள். புருஷனையும் மகனையும் கடலுக்கு அனுப்பிவிட்டு இருப்பவள் வெள்ளையைக் கண்டால் என்ன நினைப்பாள்? இரத்தினம்மாவின் தலைமயிரைப் பிடிக்கப் போனாள். முகைதீன்பாவா நடுவில் புகுந்து விஷயத்தைச் சொன்னார். மச்சாளின் கை இறங்கியது. தோளில் கிடந்த வெள்ளைத் துவாயை எடுத்து இரத்தினம்மாவிடம் நீட்டினாள்.

"இதையும் கட்டு."

பிறகு எல்லாரும் மழையில் நின்று கடலைப் பார்த்தார்கள். நிற்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. இரத்தினம்மா வேண்டுதலையெல்லாம் மறந்துபோனாள். "அண்ணே, இங்கால பார், இங்கால பார்" என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கண்டது தனுஷா. கைநீட்டிக் காட்டினாள். சாம்பலுக்குள் ஒரு கறுப்புப் பொட்டு. தெற்கே, கல்லுக்கு நேரே வந்துகொண்டிருந்தது. முகைதீன்பாவா ஏதோ ஓதினார். பொட்டு ஒரு அலைக்குக் கீழே மறைந்தது. மேலே வந்தபோது அதன் மூக்குத் திரும்பியிருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இரண்டு பக்கமும் கல்லில் நுரை எழும்ப, நடுவால் படகு வந்து, மணலில் ஏறி, சரிந்து நின்றது.

அழகரத்தினம் இறங்கி நேரே தங்கச்சியிடம் வந்தான். உதடு நீலம் பாய்ந்து, பேச்சு நடுங்கியது.

"ரெண்டு தரம் சுத்தினம். சுவரைக் காணல்ல. வேற கரைக்கு வந்திற்றம் எண்டே நினைச்சிற்றன். எஞ்சினத் திருப்பக்குள்ளதான் வெள்ளை தெரிஞ்சிது."

நிதுர்ஷன் பின்னால் நின்றான். வழக்கம்போல நிலத்தைப் பார்க்காமல் முதல்முறையாகத் தனுஷாவைப் பார்த்தான். பிறகு இரத்தினம்மாவைப் பார்த்தான்.

"மாமி, வெள்ளையக் கண்டிற்று நீங்கதான் போயிட்டீங்க எண்டு நினைச்சன்."

"உனக்கு ஒரு வீடு காட்டாம நான் எங்க போறது மனே?" என்றாள் இரத்தினம்மா. சொல்லிவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வீடு போனது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கொழும்பார் திரும்பி வரவில்லை. வந்ததும் வராததுமாகச் சாவுத் துணி பார்த்த வீடு தங்களுக்கு ராசியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். படித்தவர்களுக்கும் பயம் பயந்தானே. உதயரூபன் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. பலகை பழையபடி கேற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மச்சாள் மட்டும் ஒருநாள் காலை, கேட்காமலே, சுண்ணாம்பு அடிக்கும் மட்டையோடு வந்தாள். மணல் நிறத்தின் மேல் இரண்டு பேரும் வெள்ளை அடித்தார்கள். பாதிச் சுவர் முடிந்தபோது மச்சாள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எண்ட வளவில கிணத்தடிப் பக்கம் ஒரு துண்டு சும்மாதான் கிடக்கு. உண்ட மகள்ர பேருக்கு எழுதுவம்."

"மாப்பிள்ளையிட தாய் பொண்ணுக்குக் காணி குடுக்கிறதா? ஊர் சிரிக்கும் மச்சாள்."

"சிரிக்கட்டும். வெள்ளை கட்டினப்பவும் ஊர் செத்த வீடெண்டு ஓடி வந்ததுதானே. நீ அடி, சுண்ணாம்பு காயப்போகுது."

மழை விட்டு, கடல் அடங்கிய ஒரு விடியலில் அழகரத்தினம் படகைத் தள்ளும்போது தங்கச்சியைக் கூப்பிட்டான். "ஏறு" என்றான். கரையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "இண்டைக்கு மீன் படாட்டி படாமப் போகட்டும்" என்றான் அவன்.

கல்லுக்கு வெளியே போய் அவன் எஞ்சினை நிறுத்தினான். இரத்தினம்மா திரும்பிப் பார்த்தாள். முதிரைத் தூண் இல்லை, முற்றம் இல்லை, அவள் இருபது வருஷம் துடைத்த தரை இல்லை. அவள் கிடந்த பின்னறையும் இல்லை. தென்னைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் தெரிந்தது. அவ்வளவுதான் அந்த வீடு. இவ்வளவு சின்னதையா நம்பி இவர்கள் இத்தனை வருஷமும் வீடு வந்து சேர்ந்தார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணுக்கு மேல் கை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, வலப்பக்க மேல் மூலையில சுண்ணாம்பு பத்தல்ல" என்றாள். "திருப்பு. போய் இன்னொருக்கா அடிக்கணும்."